இஸ்லாமிய அரசியற் சிந்தனையும் நலன்புரி அரசும்

நலன்புரி அரசு என்னுந் தொடர் வயதில் இளையது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941ஆம் ஆண்டில், அப்போது யோர்க் நகரின் பேராயராயிருந்த வில்லியம் தெம்பிள் என்பார், படைவலியையே உயிராகக் கொண்ட அரசுக்கு எதிராக, மக்கள் நலத்தையே நோக்காகக் கொண்ட அரசு என்னுங் கருத்தில் இத்தொடரை ஆங்கிலத்திற் பரப்பினார். 1942 டிசெம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை அக்கருத்துக்கு உடலும் உருவுங் கொடுத்தது. இல்லாமை, நோய், அறியாமை, சூழலின் சீர்கேடு, தொழிலின்மை என்னும் ஐந்து அரக்கர்களை வெல்லுதல் அரசின் கடன் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

அதே 1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. மூன்றாண்டுகளின் பின், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சங்கக்கடை வாயிலிற் கூப்பன் புத்தகத்தோடு நின்ற யாழ்ப்பாணத்துக் கமக்காரன் பெவரிட்ஜின் பெயரைக் கேட்டிருக்கமாட்டான். ஆயினும் தனக்கும் அரசுக்கும் இடையே புதியதோர் உறவு உண்டாகிவிட்டது என்பதை அவன் உணர்ந்திருந்தான். 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகத்து 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பிச்சையைக் குறைத்தமைக்காக எவரும் கிளர்ச்சி செய்வதில்லை. உரிமை பறிபோயிற்று என்ற எண்ணமே மக்களைத் தெருவுக்குக் கொணர்ந்தது.

இதற்கு ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளின் முன், 1877ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்திலே, ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அத்தருமத்தினாற் பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் நாவலர் ஒருவர் இல்லாதிருந்தால், தொட்டி ஏன் வைக்கவில்லை என்று கேட்கும் உரிமை அவ்வேழைகளுள் எவனுக்கும் இருந்ததில்லை. தருமத்திற்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பொருளை ஆக்கியும் சேர்த்தும் காத்தும் பகுத்தும் நடத்தவல்லது அரசு எனத் திருவள்ளுவர் கூறியபோது, பகுத்தலும் அரசின் தொழிலாயிற்று. எனினும் பகுத்த பங்கைக் கேட்டுப் பெறும் உரிமை இன்னாருக்கு உண்டு எனத் தமிழ் நாட்டு நீதிநூல்கள் விரித்துரைக்கவில்லை.

இவ்வினாவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து, அதற்குச் சட்ட உருவுங் கொடுக்க முயன்ற சமுதாயம் இஸ்லாமிய சமுதாயமாகும். உரிமை என்று சொன்னவுடன் வேறொரு வினாவும் உடன் பிறக்கின்றது. உரிமை யாருக்கு? எவர் பெயர் ஏட்டில் எழுதப்படும்? எவர் பெயர் விடப்படும்? இஸ்லாமிய அரசியற் சிந்தனையின் வரலாற்றை இவ்வினாவைக் கைவிளக்காகக் கொண்டு நோக்குவது பயனுடையது. அவ்வரலாற்றின் ஓர் இழை யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை வரை வந்திருத்தலின், இங்குள்ளார்க்கு அது அயலார் கதையுமன்று.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்றாகிய ஸகாத்தை ஏழைவரி எனத் தமிழில் வழங்குவர். தூய்மை, வளர்ச்சி என்னும் இரு பொருளும் அவ்வறபுச் சொல்லுக்கு உண்டு. செல்வருடைய பொருளில் இரப்போர்க்கும் இல்லாதோர்க்கும் அறியப்பட்ட ஓர் உரிமை உண்டு என்பது குர்ஆனின் கூற்று. அங்கே வரும் ‘ஹக்கு’ என்னுஞ் சொல் நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் உரிமையைக் குறிக்கும் அதே சொல்லாகும். மனமுவந்து கொடுக்கும் கொடை வேறு. அதனை ஸதகா என்பர். ஸகாத்தோ அளவு குறித்தது. ஓராண்டு முழுவதும் கையிலிருந்த பொன், வெள்ளி, வணிகப்பொருள் ஆகியவற்றில் ஒரு குறித்த எல்லைக்கு மேற்பட்டதற்கு நாற்பதில் ஒரு பங்கு. விளைந்த தானியம் மழைநீராலாயின் பத்தில் ஒன்று. மனிதன் இறைத்து வார்த்ததாயின் இருபதில் ஒன்று. இவ்விதியின் நுட்பம் யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கமின்றியே விளங்கும். மாரிமழையை நம்பி விதைத்த வயலின் நெல்லையும், விடியுமுன் துலாமிதித்துப் பட்டையால் இறைத்து வளர்த்த குரக்கனையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதை, கிணற்றடியில் வியர்வை சிந்தியவன் அறிவான். பாலைவனத்திற் பிறந்த சட்டம் உழைப்பின் விலையைக் கணக்கிற் கொண்டது வியக்கத்தக்கது.

பெறுவோர் எட்டு வகையினர் எனக் குர்ஆன் வரையறுத்தது. வறியோர், தேவையுடையோர், ஸகாத்தைத் திரட்டும் அலுவலர், உள்ளம் இணக்கப்படவேண்டியோர், அடிமைத்தளையில் உள்ளோர், கடனால் நலிந்தோர், இறைவழியில் முயல்வோர், வழிப்போக்கர் என்போர் அவர். மூன்றாவது வகை கருதத்தக்கது. திரட்டுவோனுக்கு ஊதியம் ஒதுக்கப்பட்டமையால், திரட்டும் பொறுப்புடைய ஓர் ஆட்சி இருக்கும் என்பதைச் சட்டம் முன்னரே எண்ணிக்கொண்டது என்பது தெளிவு. நபிகள் நாயகத்தின் மறைவின் பின் 632இல் ஆட்சியேற்ற அபூபக்கர், தொழுவோம் ஆனால் ஸகாத்துச் செலுத்தமாட்டோம் என்ற குலத்தாரோடு போர் தொடுத்தார். தொழுகை மனிதனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. ஏழையின் பங்கோ மூன்றாமவனுக்கு உரியது. அதனை விட்டுக்கொடுக்க ஆட்சியாளனுக்கும் அதிகாரமில்லை என்னுங் கருத்து அதனுள் அடங்கிக்கிடக்கிறது.

அவருக்குப் பின் 634 முதல் 644 வரை ஆண்ட கலீபா உமர் அவர்களின் காலமே இத்துறையில் ஆராய்வார் அனைவரும் திரும்பத் திரும்பச் செல்லும் காலம். ஈராக்கின் வளமிக்க ஆற்றுநிலங்கள் படையினர் கையில் வீழ்ந்தபோது, வென்றவர் அவற்றைத் தமக்குள் பகிர வேண்டுமென வற்புறுத்தினர். அதுவே அக்கால வழக்கம். உமர் உடன்படவில்லை. நிலத்தை இன்றுள்ளோர் பங்கிட்டுக்கொண்டால் நாளை பிறப்போர்க்கு என்ன எஞ்சும் என்பது அவர் எழுப்பிய தடை. நெடிய வாதத்தின் பின் நிலம் உழவரிடமே விடப்பட்டது. அதன் வரி பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலுக்குச் சேர்ந்தது. பிறவாத தலைமுறையையும் பங்காளியாக எண்ணிய இம்முடிவைப் போல அக்காலப் பேரரசுகளின் வரலாற்றிற் காண்பது அரிது.

வரி குவிந்தது, பகிர்வதற்கு ஏடு வேண்டியதாயிற்று. 640ஆம் ஆண்டையொட்டித் திவான் எனப்படும் பதிவேட்டை உமர் ஏற்படுத்தினார். ஆடவர், பெண்டிர், சிறார் எனப் பெயர்கள் எழுதப்பட்டு ஒவ்வொருவர்க்கும் ஆண்டுத்தொகை குறிக்கப்பட்டது. அபூபக்கர் எல்லோர்க்கும் ஒப்பக் கொடுத்தவர். நற்பணியின் கூலி இறைவனிடம் உண்டு, வயிற்றின் தேவையோ எல்லோர்க்கும் ஒன்று என்பது அவர் நிலை. உமர் தொடக்க காலத்தில் இடருற்றவர்க்கு மிகுதியும் பின்வந்தவர்க்குக் குறைவுமாக வகுத்தார். தம் இறுதிக்காலத்தில் மீண்டும் ஒப்பாக்க விரும்பினார் என்றுஞ் சொல்லப்படுகிறது. தேவைக்கேற்பவா, தகுதிக்கேற்பவா என்னும் இவ்வழக்கு இன்றும் ஒவ்வொரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்திலும் தலைநீட்டுகின்றது.

இப்பதிவேட்டைப் பற்றி வழங்கும் வரலாறுகளுள் ஒன்று விரித்துரைக்கத்தக்கது. தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் பெயரையே ஏட்டிற் சேர்ப்பது என்பது முதலில் இருந்த விதி. ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகர் கூட்டத்தைக் காவல் செய்யச் சென்ற உமர், ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார். தாயை அணுகிக் குழந்தையைத் தேற்றுமாறு கூறிச் சென்றார். மீண்டும் அழுகை, மீண்டுஞ் சென்றார். மூன்றாம் முறை காரணங் கேட்டபோது, கேட்பவர் இன்னாரென்று அறியாத அத்தாய், பால்மறந்த பிள்ளைக்கே உமர் தொகை கொடுப்பதால் காலத்திற்கு முன்னரே பால்மறக்கச் செய்ய முயல்வதாகக் கூறினாள். அடுத்த காலைத் தொழுகையில் அழுகையால் அவர் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லையாம். தம் விதியினால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று வருந்தி, பிறந்த நாள் தொட்டே தொகை உண்டு, எவரும் விரைந்து பால்மறக்கச் செய்யற்க என அறிவித்தார்.

கலீபாவின் இரக்கத்தைக் காட்டும் கதையாகவே இதனைப் பெரும்பாலுஞ் சொல்வர். ஆயின் இதன் அரசியற் பொருள் வேறு. நன்னோக்கத்தோடு வகுத்த விதி, ஏட்டில் ஒரு வரம்பைக் கீறியதனாலேயே, வரம்பின் இப்பாலுள்ளோர்க்குத் தீங்காக முடிந்தது. உதவிக்கு எல்லை வகுக்குமிடமெல்லாம் அவ்வெல்லையைக் கடக்க ஏழை தன் உடலையும் பிள்ளையையும் வருத்திக்கொள்வான் என்பதை அத்தாய் ஆட்சிக்குக் கற்பித்தாள். பிரித்தானியாவில் 1945இல் இயற்றப்பட்ட குடும்பப்படிச் சட்டமும் முதற் பிள்ளையை விட்டு இரண்டாம் பிள்ளையிலிருந்தே வாரம் ஐந்து சிலிங் கொடுத்தது. இலங்கையில் 2023இல் அஸ்வெசும உதவித் திட்டம் தொடங்கியபோதும், கொடுத்த தொகையைப் பற்றிய பேச்சினும் பட்டியலில் விடுபட்டோரின் முறையீடே மிக்கு ஒலித்தது. கதை பழையது, வரம்புக் கோடு மாத்திரம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

அப்பாசியக் கலீபா ஹாரூன் அர் றஷீதின் பொருட்டு வரிமுறை பற்றி நூலியற்றிய நீதிபதி அபூயூசுப், 798இல் மறைந்தவர், இன்னொரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். கண்ணிழந்த முதிய யூதர் ஒருவர் வாயில்தோறும் இரப்பதை உமர் கண்டார். முதுமையும் வறுமையும் தலைவரியுமே தம்மை இந்நிலைக்குத் தள்ளின என்றார் அம்முதியவர். உமர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று இயன்றதைக் கொடுத்தபின், கருவூலத் தலைவருக்கு ஆளனுப்பினார். இளமையில் இவரிடம் வரி வாங்கித் தின்றுவிட்டு முதுமையிற் கைவிடுதல் நீதியன்று எனக் கூறி, அவர்க்கும் அவர் போன்றார்க்கும் தலைவரியை நீக்கிப் பொதுப்பொருளிலிருந்து உதவி வகுத்தார். பிற மதத்தவனுக்கும் முதுமைக்கால உதவி என்பது இங்கே இரக்கத்தின் பெயரால் வழங்கப்படவில்லை. வரி கொடுத்தவன் என்னும் கணக்கின் பெயரால் வழங்கப்பட்டது.

ஒன்றை மறைத்தல் ஆகாது. இச்செய்திகள் யாவும் நிகழ்ந்து நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே நூல்களில் நிலைபெற்றன. மேலும், அவ்வரசில் எல்லாக் குடிகளும் ஒருநிலையினர் அல்லர். முஸ்லிமல்லாதார் தலைவரி செலுத்தினர், படைக்கடமை அவர்க்கில்லை, அரசுரிமையில் ஒப்பான பங்குமில்லை. அடிமை முறையும் இருந்தது. தற்கால நலன்புரி அரசை அப்படியே ஏழாம் நூற்றாண்டில் வைத்துக் காட்டுவோர், வரலாற்றுக்கும் இஸ்லாத்துக்கும் ஒருங்கே அநீதி செய்கின்றனர். அங்கே காணத்தக்கது கொள்கையின் வித்து. உமையாக்கள் ஆட்சியில் அவ்வித்துக்கு நேர்ந்த கதி அதற்குச் சான்று. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய அறபியரல்லாதார் சகோதரர் எனப்பட்டனர். ஆனால் பல இடங்களில் பழைய தலைவரியைத் தொடர்ந்து செலுத்தினர். குராசானில் ஊதிய ஏட்டிற் பெயரின்றியே படையிலும் போரிட்டனர். 717 முதல் 720 வரை ஆண்ட இரண்டாம் உமர் இவ்விழிவை நீக்க முயன்றார். வருவாய் குறையும் என்ற ஆளுநரை, நபிகள் நாயகம் வழிகாட்டவே அனுப்பப்பட்டார், வரிதண்ட அல்லர் என்று கடிந்தார் என்பர். அவர் ஆட்சியோ மூன்றாண்டும் நிறையவில்லை.

கருவூலம் மன்னர்களின் பணப்பையோடு கலந்துவிட்ட பின், கொள்கையைக் காத்தவர் சட்ட அறிஞர். பதினோராம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த மாவர்தி, ஆட்சித் தலைவனின் பத்துக் கடமைகளை வகுத்தவிடத்து, உரியோர்க்குரிய தொகையை மிகையுங் குறையுமின்றிக் காலந்தவறாது கொடுத்தலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். கஸ்ஸாலி, சமயம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை என்னும் ஐந்தையும் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றார்; அறிவு அவ்வைந்தில் இடம்பெற்றதை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும். எல்லாரினும் துணிந்து பேசியவர் குர்துபா நகரத்து இப்னு ஹஸ்ம், 994 முதல் 1064 வரை வாழ்ந்தவர். ஸகாத்துப் போதாதவிடத்து ஒவ்வோர் ஊரின் செல்வரும் அவ்வூர் ஏழைகளைத் தாங்கக் கடமைப்பட்டவர். ஆட்சியாளன் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்பது அவர் தீர்ப்பு. எதுவரை தாங்குவது என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார்: இன்றியமையாத உணவு, மாரிக்கும் கோடைக்கும் ஏற்ற உடை, மழையையும் வெயிலையும் வழிச்செல்வோர் கண்ணையும் தடுக்கும் வீடு. வழிச்செல்வோர் கண் என்பதைச் சேர்த்தவிடத்து, வறுமையில் உடலினும் மானமே முன்னர் நலிகின்றது என்பதை அறிந்த ஒருவரின் கை தெரிகின்றது.

ஆனால் கட்டாயப்படுத்த வேண்டிய ஆட்சி எங்கே? மூன்றாங் கலீபா உதுமான் காலத்திலேயே ஒரு பிரிவினை தோன்றிவிட்டது. கால்நடையும் விளைச்சலும் வெளிப்படையான பொருள்; அவற்றின் ஸகாத்தை அரசு தண்டும். பொன்னும் பணமும் மறைவான பொருள். அவற்றை ஆராய்வது குடிகளின் இல்லத்துள் நுழைவதாகும். ஆதலின் உடையவரே பங்கிடுக என்று விடப்பட்டது. காலஞ் செல்லச் செல்லச் செல்வத்தின் பெரும்பகுதி மறைவான பொருளாயிற்று. ஸகாத்தும் தனிமனிதன் மனச்சான்றுக்கு உரியதாயிற்று. அரசு விட்ட இடத்தை வக்பு என்னும் அறக்கட்டளை நிரப்பியது. கெய்ரோ, திமிஷ்கு, இஸ்தான்புல் நகரங்களின் மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களும் அன்னசாலைகளும் வக்பு நிலங்களின் வருவாயால் நடந்தன. விற்கவும் பறிக்கவும் இயலாதவாறு இறைவன் உடைமையாக்கப்பட்ட சொத்து, பேராசை கொண்ட மன்னனிடமிருந்து ஏழையைக் காத்தது. நலன் இருந்தது, அதைப் புரியும் அரசு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் மீண்டும் இணைக்கும் ஆவல் எழுந்தது. 1924இல் துருக்கியிற் கலீபாப் பதவி ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எகிப்தின் அலி அப்துர் றாஸிக், இஸ்லாம் குறித்தவோர் ஆட்சிமுறையை விதிக்கவில்லை என நூலெழுதிப் பெரும் எதிர்ப்புக்கு ஆளானார். மறுபுறம் கவிஞர் இக்பால் 1937 மே மாதத்தில் ஜின்னாவுக்கு எழுதிய கடிதத்தில், முஸ்லிம்களின் வறுமையை எவ்வாறு தீர்ப்பது என்பதே வினா என்றும், இஸ்லாமியச் சட்டத்தைச் சரியாக உணர்ந்து செயற்படுத்தினால் ஒவ்வொருவர்க்கும் பிழைப்புரிமையேனும் உறுதிப்படும் என்றும் எடுத்துக்காட்டினார். எகிப்தின் செய்யித் குத்பு சமுதாய நீதி பற்றிய நூலை 1949இல் வெளியிட்டார். பாக்கிஸ்தான் 1980இல் ஸகாத்தைச் சட்டமாக்கி வங்கிச் சேமிப்பிலிருந்து நேரே கழித்தது. ஷீஆப் பிரிவினர் தம் சட்டம் வேறென்று கிளர்ந்தெழ, அவர்க்கு விலக்களிக்க நேர்ந்தது. அரசு திரட்டத் தொடங்கியவுடன் எவருடைய சட்டம் என்னும் வினா பின்தொடர்ந்தது.

பெரும்பான்மையினராய் வாழும் நாட்டிலேயே இத்துணைச் சிக்கலாயின், சிறுபான்மையினராய் வாழும் நாட்டில் யாது செய்வது? இலங்கை முஸ்லிம்களுக்குப் பைத்துல்மாலை நடத்தும் கலீபா இல்லை. ஏடு எழுதும் அரசோ எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. ஸகாத்து றமழான் மாதத்தின் பிற்பகுதியிற் செல்வர் வாயிலில் வரிசையில் நிற்பவர் கையிற் சில்லறையாக விழுவது வழக்கமாயிற்று. இலங்கை முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறியின் அறிஞர்களோ இதற்கு மாறாகவே கூறியுள்ளனர். கைவினைஞனுக்கு அவன் கருவியையும், வணிகனுக்கு முதலையும், மீண்டும் இரவாத அளவுக்குக் கொடுத்தல் வேண்டும். கல்வியில் ஈடுபட்டமையால் உழைக்க இயலாத மாணாக்கனும் பெறத் தகுதியுடையான் என்பது நவவி போன்றாரின் கருத்து.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வரலாற்றிற் புகுகின்றார். வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்த அ. மு. அ. அஸீஸ், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இலங்கைச் சிவில் சேவையில் 1935இற் சேர்ந்த அவரே அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம். போர்க்காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வளர்ந்தவருக்குக் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் உழவரின் வாழ்வு புதியது. நெல் விளைவித்தவர் கடனில் ஆழ்ந்திருந்தனர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பைக் காணாதிருந்தனர். அப்பகுதிக்கே உரியவரான விபுலாநந்த அடிகளின் நட்பும் அவருக்குத் துணையாயிற்று. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அங்கே கண்டதை நாடளாவிய முயற்சியாக விரித்து, 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் தொடக்கி வைத்தார். திறமையிருந்தும் பொருளின்மையாற் படிப்பைக் கைவிடும் மாணாக்கர்க்குச் செல்வரின் கொடையைத் திரட்டி உதவுவது அதன் நோக்கம்.

இலவசக் கல்வி வந்த அதே ஆண்டில் இந்நிதி ஏன் வேண்டப்பட்டது என்று கேட்கலாம். கல்விக் கட்டணம் நீங்கியதேயன்றி, கல்முனைப் பிள்ளை கொழும்பில் உண்ணவும் உறங்கவும் நூல் வாங்கவும் பணம் வேண்டும். வயலில் உழைக்கவேண்டிய கை ஒன்று குறைவதையும் அக்குடும்பம் தாங்கவேண்டும். அரசு வாயிலைத் திறந்தது. வாயில் வரை நடந்துவர ஆற்றலற்றவன் நிலையை எண்ணியது நிதி. வாசலிற் கொடுக்கும் சில்லறை ஒரு நாட் பசியைத் தீர்க்கும். திரட்டிய பொருள் ஒருவனை மருத்துவனாகவோ ஆசிரியனாகவோ ஆக்கிவிட்டால், அவன் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவனாகின்றான். ஷாபிஈ அறிஞர் சொன்ன கைவினைஞனின் கருவி இக்காலத்திற் கல்வியே என உணர்ந்தமையில் அஸீஸின் தனிச்சிறப்பு உளது. 1948இற் சிவில் சேவையைத் துறந்து ஸாஹிறாக் கல்லூரி அதிபரானது இந்நோக்கத்தின் தொடர்ச்சியே. உயர்ந்த பதவியை விட்டுப் பள்ளிக்கூடத்திற் புகுந்தாரே என்று அந்நாளில் வியந்தவரும் இருந்திருப்பர். ஆசிரியத் தொழிலில் உள்ளார் அவ்வாறு வியத்தல் வேண்டியதில்லை.

அறக்கட்டளைகளின் பக்கத்தில், பள்ளிவாசல்களையும் வக்புகளையும் பதிந்து மேற்பார்வையிட 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் ஒரு சபையை அமைத்தது. இவ்வாறு பொதுவான அரசு தன் சட்டத்தால் ஒரு சமயத்தவரின் அறப்பொருளுக்குக் காவல் நின்றது. அரசுக்கும் சமுதாயத்துக்கும் இடையிலான இவ்வேற்பாடு இடைக்காலத்துச் சட்ட அறிஞர் எவரும் எண்ணிப்பாராதது. எனினும் அவர்கள் நோக்கத்துக்கு மாறானது என்று கூறமுடியாது.

இந்நிதியும் தன் சமூகத்தவர்க்கு மாத்திரம் ஏடு எழுதியதே எனச் சிலர் குறைகூறக்கூடும். குறையில் உண்மை உண்டு. சைவர் பிடியரிசி திரட்டிச் சைவப் பள்ளிகளையும், கிறித்தவர் தம் திருச்சபைப் பொருளால் தம் பள்ளிகளையும் நடத்திய நாட்டில், அது ஒரு முஸ்லிமிடம் மாத்திரம் கூறத்தக்க குறையன்று. ஆயினும் தன் வீட்டு ஏட்டையும் நாட்டின் ஏட்டையும் அஸீஸ் ஒன்றாக்கிக் குழப்பியதில்லை. 1952 முதற் செனற் சபையில் உறுப்பினராயிருந்த அவர், 1956இற் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்னும் கொள்கை எழுந்தபோது, தாம் சார்ந்திருந்த கட்சியை விட்டு விலகினார். மொழியால் ஒரு பகுதி மக்களை அரசின் ஏட்டிலிருந்து புறத்தே நிறுத்துவது எந்த உதவிப்பணத்தாலும் ஈடுசெய்யப்படக்கூடியதன்று. அதற்கு எட்டாண்டுகளின் முன் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரைக் குடியேட்டிலிருந்தே நீக்கியதையும் இங்கு நினைத்தல் தகும். உலகம் புகழ்ந்த இலங்கையின் நலன்புரி அரசு அவ்வாண்டுகளிலேதான் வளர்ந்தது. கொழுந்தாய்ந்து அதற்குப் பொருளீட்டிக் கொடுத்தோரின் பெயரோ குடியேட்டில் இல்லை. வரி வாங்கித் தின்றுவிட்டு முதுமையிற் கைவிடுதல் பற்றி உமர் கூறியதை நினைவூட்ட அச்சபையில் எவரேனும் இருந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

அஸீஸ் 1973 நவம்பரில் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவர்க்கு இறப்பின் பின்னான கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பத்தாண்டு கழிந்தது. 1990 ஒக்ரோபர் இறுதியில், அவர் பிறந்த சோனகத்தெரு உட்பட யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் யாவரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பர். பொன்னும் பணமும் வழியிற் பறிக்கப்பட்டன, ஸகாத்துக் கொடுத்தவர்கள் ஒரே நாளில் ஸகாத்துப் பெறும் எட்டு வகையினருள் அடங்கினர், வழிப்போக்கராயினர். புத்தளத்து மக்கள் தம் காணியையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டனர். அரசு உலருணவு கொடுத்தது. பள்ளிவாசல்களும் அவற்றின் வக்பு நிலங்களும் இங்கே கிடந்தன. எவராலும் பறிக்கவியலாததாக வகுக்கப்பட்ட சொத்து தன் இடத்தில் இருந்தது. அதனாற் பயன்பெற வேண்டியவரே இல்லை.

போர் முடிந்த 2009இன் பின்னர் ஒரு பகுதியினர் மீண்டு வந்தனர். இருபதாண்டு அகதி வாழ்வில் பிள்ளைகள் புத்தளத்துப் பள்ளிகளிற் படித்துக்கொண்டிருந்தனர். வீட்டின் கூரையும் கதவும் யாழ்ப்பாணத்தில் இல்லை. குடும்பம் ஈரிடத்திலும் காலூன்றி நின்றது. வீட்டுத்திட்டம், வாக்குரிமை, உலருணவு யாவும் ஒரே கேள்வியிற் போய் முடிந்தன. இக்குடும்பத்தின் பெயர் எந்தக் கிராம அலுவலரின் ஏட்டில் இருக்கின்றது? புத்தளத்திற் பெயரை வெட்டுவித்து வந்தோர், இங்கே நிலையாக வாழ்வதைக் காட்டினாலன்றி இங்குப் பதியப்படுவது எளிதாக இருக்கவில்லை. இங்கே நிலையாக வாழ்வதற்கோ முதலில் வீடு வேண்டியிருந்தது.